குழலைத் தொடாத ஹேண்ட்கார்டு எதற்கு?

அமெரிக்கச் சந்தையில் ஏஆர்-15 வகை ரைஃபிளுக்கென விற்கும் உதிரிப் பொருள்களில் ஃப்ரீ ஃப்ளோட் ஹேண்ட்கார்டுக்கு மவுசு அதிகம். குழலைச் சுற்றி, சுடுபவரின் முன்பக்கக் கை பிடிக்கும் இடத்தில், சூடு படாமல் காக்கும் உறைதான் ஹேண்ட்கார்டு. வழக்கமான வகை பின்முனையில் துப்பாக்கியின் உடற்பகுதியான ரிசீவர் பக்கமும் முன்முனையில் குழலோடும் கோத்திருக்கும். ஃப்ரீ ஃப்ளோட் வகைக்குப் பிடிமானம் பின்முனையில் மட்டும்தான். மீதி நீளம் முழுக்கக் குழலைத் தொடாமல் நிற்கும். இதை மாட்டினால் துப்பாக்கியின் துல்லியம் கூடும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள், வாங்குகிறவர்களும் நம்புகிறார்கள். அதில் பாதிதான் உண்மை என்பது இக்கட்டுரையின் வாதம். குழலுக்கு இயல்பாக இல்லாத துல்லியத்தை எந்த உறையும் தந்துவிடாது. சுடுபவர் துப்பாக்கியை எப்படிப் பிடித்தாலும், தோள்வாரை எவ்வளவு இறுக்கினாலும், எதன்மேல் சாய்த்தாலும் தோட்டா போய்ச் சேரும் இடம் மாறாமல் பார்த்துக்கொள்வதே இந்த உறையின் வேலை. அதன் வேலை இதுதான் என்று தெளிந்துவிட்டால், எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் கிடைக்கும் விடைகள் விலைப்பட்டியல் சொல்வதிலிருந்து நிறையவே விலகிப் போகின்றன.

முதலில் கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். யூஜீன் ஸ்டோனர் 1950களில் ஆர்மலைட் நிறுவனத்தில் வடிவமைத்த ஏஆர் துப்பாக்கிக் குடும்பத்தில், பின்னாளில் எம்16 ஆன ரைஃபிள் உட்பட, ஹேண்ட்கார்டு இரண்டு பாதிகளாக வரும். பின்பக்கத்தில் டெல்டா ரிங் எனப்படும் ஸ்பிரிங் வளையம் அவற்றை அழுத்திப் பிடிக்கும். முன்பக்கத்தில், முன்குறித் தூணுக்குச் சற்றுப் பின்னால், குழலில் மாட்டிய ஒரு தகட்டு மூடிக்குள் அவை செருகி நிற்கும். கழற்றித் துடைக்கவும் மாற்றவும் கருவியே தேவையில்லை. போர்க்களத்துக்கு அது நல்ல வசதி. ஆனால் கை ஹேண்ட்கார்டை எந்தப் பக்கம் அழுத்தினாலும் அந்த அழுத்தத்தில் ஒரு பங்கு தகட்டு மூடி வழியாகக் குழலுக்குப் போய்விடும். தோள்வார் மாட்டும் கொக்கியோ முன்குறித் தூணின் அடியிலேயே, அதாவது நேரடியாகக் குழலிலேயே இருக்கிறது. குப்புறப் படுத்து வாரை முழங்கைக்கு மேல் சுற்றி இறுக்கும்போது பல கிலோ இழுவிசை குழலைக் கீழே வளைக்கிறது. 1980களின் தொடக்கத்தில் வந்த எம்16ஏ2-வில் குழலைத் தடிப்பாக்கினார்கள்; ஆனால் தடிப்பாக்கியது முன்குறிக்கு முன்னால் இருக்கும் பகுதியைத்தான். ஹேண்ட்கார்டுக்குள் மறைந்திருக்கும் பகுதி, வாரின் இழுப்பை உண்மையில் தாங்கவேண்டிய பகுதி, மெலிந்தபடியே விடப்பட்டது.

இந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது. தெரியத் தேவையும் இல்லை. துப்பாக்கிக்காரர்கள் கோணத்தை எம்ஓஏ என்ற அளவில் பேசுவார்கள். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு அது. 100 மீட்டரில் ஒரு எம்ஓஏ என்பது ஏறக்குறைய 29 மில்லிமீட்டர். 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்தாலே அது ஒரு எம்ஓஏ-வைத் தாண்டிவிடும். ஒரு தலைமுடியின் தடிமன் அளவு விலகல் அது. மேசைமேல் மணல்பை வைத்துச் சுட்டு ஜீரோ செய்த, அதாவது குறி வைத்த இடத்திலேயே அடி விழும்படி சரிசெய்த துப்பாக்கி, வாரை இறுக்கிப் படுத்துச் சுடும்போது வேறிடத்தில் அடிக்கிறது என்றால், இரண்டு நிலைகளிலும் குழலின் மேல் விழும் சுமை வேறு என்பதே காரணம். சுமை ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தால் அதற்கேற்ப ஜீரோவைத் திருத்திக்கொள்ளலாம். மனிதக் கை அப்படி ஒரே அளவாக அழுத்தாது என்பதால்தான் இதெல்லாம் பிரச்சினையாகிறது.

ஏஆர் வகைக்கு வெகுகாலம் முன்பே துப்பாக்கி செய்பவர்கள் இதை அறிந்திருந்தார்கள். லீ-என்ஃபீல்டு .303 ரைஃபிள், இந்தியக் காவல்துறையினர் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கிய அதே துப்பாக்கி, ஏறக்குறைய குழலின் நுனி வரை மரத்தால் மூடியது. அதன் நம்பர் 4 வகையில் முன்மரத்தின் நுனி குழலை அளவாக மேல்நோக்கி அழுத்தும்படி விட்டிருந்தார்கள். இத்தனை பவுண்டு அழுத்தம் என்று ஆயுதப் பராமரிப்பாளர்களுக்கு அளவே உண்டு. அந்த அழுத்தம் சரியாக இருக்கும்வரை துப்பாக்கி நன்றாகச் சுடும். மரம் ஈரம் குடித்து உப்பினாலோ வெயிலில் காய்ந்து முறுகினாலோ அழுத்தம் மாறும்; அடி விழும் இடமும் கூடவே நகரும். பிரிட்டிஷ் ராணுவம் அதே நம்பர் 4-ஐ 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றி 1970 வாக்கில் எல்42ஏ1 என்ற குறிசுடும் துப்பாக்கியாக்கியபோது முன்மரத்தை வெட்டிக் குறுக்கி, தடித்த குழலை எதுவும் தொடாமல் விட்டுவிட்டார்கள். பல தலைமுறைகள் பழகிய மரத்தின் அழுத்தத்தைக் கைவிட்டு வெற்றிடத்தை நம்பினார்கள் என்பது கவனிக்க வேண்டிய முடிவு. ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் வரும் துப்பாக்கிகளிலும் இதே ஏற்பாடுதான். வார் முன்கட்டையின் அடியில் உள்ள தண்டவாளத்தில் மாட்டும். குழலை அது இழுப்பதே இல்லை.

ஏஆர் குடும்பத்தில் இந்தப் பாடத்தை முதலில் எடுத்துக்கொண்டவர்கள் அமெரிக்காவின் சர்வீஸ் ரைஃபிள் போட்டிக்காரர்கள். 600 கெஜத்தில் வாரை இறுக்கிக் குப்புறப் படுத்துச் சுடுவதும் அடங்கிய போட்டி அது. துப்பாக்கி வெளித்தோற்றத்தில் ராணுவத் துப்பாக்கி போலவே இருக்கவேண்டும் என்பது விதி. எனவே சாதாரண பிளாஸ்டிக் ஹேண்ட்கார்டுக்கு அடியில் ஒளித்து ஒரு உலோகக் குழாயை ரிசீவரோடு திருகி, வார்க் கொக்கியை அந்தக் குழாயில் மாட்டினார்கள். 1990களில் அந்தப் போட்டிகள் நடக்கும் கேம்ப் பெர்ரி மைதானத்தில் பழைய எம்14 ரைஃபிளைப் பின்னுக்குத் தள்ளி ஏஆர் முன்னேறியதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்த ஒளிந்த குழாய் அவற்றில் ஒன்று. அதே காலத்தில் ஸ்டோனர் நைட்ஸ் ஆர்மமென்ட் நிறுவனத்துக்காக எஸ்ஆர்-25 என்ற துப்பாக்கியை வடிவமைத்தபோது குழலைத் தொடாத ஹேண்ட்கார்டையே வைத்தார். முன்பு தான் தகட்டு மூடியில் செருகியதைப் பிற்காலத்தில் தானே விடுவித்தார் என்று சொல்லலாம். பிறகு ராணுவமும் மெல்ல மெல்ல இந்த வழிக்கு வந்தது. 2000களின் தொடக்கத்தில் வந்த மார்க் 12 ரைஃபிளில் ஃப்ரீ ஃப்ளோட் இருந்தது. அமெரிக்கச் சிறப்புப் படைகளின் எம்4 கார்பைனில் முதலில் வந்த நைட்ஸ் ரெயில் (துணைப் பொருள்கள் மாட்ட இடமுள்ள ஹேண்ட்கார்டு), பழைய ஹேண்ட்கார்டு நின்ற இரண்டு இடங்களிலேயே மாட்டுவது. அதற்கு அடுத்து வந்த டேனியல் டிஃபென்ஸ் ரிஸ் டூ, அதற்கும் பின் வந்த கைஸ்லி ரெயில் இரண்டும் குழலை விட்டு விலகி நிற்பவை. ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனத்தின் 416 ரைஃபிளும் அப்படியே. 2022-இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த சிக் நிறுவனத்தின் எம்7 ரைஃபிளும் அப்படியே.

இத்தனை சான்று இருந்தும் எதிர்வாதம் வலுவாகவே இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பலர் மேசைமேல் மணல்பை வைத்து, அதே குழலை முதலில் சாதாரண ஹேண்ட்கார்டோடும் பிறகு ஃப்ரீ ஃப்ளோட்டோடும் சுட்டுப் பார்த்து, குண்டுகள் விழுந்த வட்டத்தில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மேசையில் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கிடக்கிறது, வார் தளர்ந்திருக்கிறது, கை ஹேண்ட்கார்டை அழுத்துவதே இல்லை. எந்தச் சுமையிலிருந்து குழலைக் காக்க ஃப்ரீ ஃப்ளோட் வந்ததோ அந்தச் சுமையை நீக்கிவிட்டுச் செய்யும் சோதனை அது. மூன்று தோட்டா, ஐந்து தோட்டா வட்டங்களை வைத்து எதையும் நிறுவமுடியாது என்பது வேறு விஷயம். அந்த அளவுக்கு அவை தற்செயலாகவே விரிந்து சுருங்கும். நியாயமான சோதனை என்றால், மேசையில் சுட்ட வட்டத்தின் மையத்தையும், வாரை இறுக்கிச் சுட்ட வட்டத்தின் மையத்தையும், பைபாடை (இருகால் தாங்கியை) முன்னோக்கித் தள்ளிச் சுட்ட வட்டத்தின் மையத்தையும் குறித்து, மூன்றுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அளக்கவேண்டும். வட்டம் எவ்வளவு சிறியது என்ற கேள்வியும் வட்டம் எங்கே விழுந்தது என்ற கேள்வியும் வேறு வேறு. இரண்டையும் குழப்பியதால்தான் ஒரு தரப்பு அற்புதம் என்றும் மறுதரப்பு ஏமாற்று என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு எதிர்வாதம் குழலின் அதிர்வைப் பற்றியது. சுடும்போது குழல் அதிர்கிறது, நுனியில் சிறிது அழுத்தம் இருந்தால் அதிர்வு அடங்கும், எனவே தொடாமல் விடுவதே எப்போதும் சிறந்தது என்பது மூடநம்பிக்கை என்பார்கள். ரெமிங்டன் 700 போன்ற வேட்டைத் துப்பாக்கிகளின் மெலிந்த குழல்களுக்கு முன்கட்டை நுனியில் ஒரு அழுத்தப் புடைப்பு வைத்தே தொழிற்சாலையிலிருந்து அனுப்பினார்கள் என்பது உண்மை. அப்படிச் சில குழல்கள் நன்றாகச் சுட்டதும் உண்மை. ஆனால் வேட்டைக்காரன் ஒரு நாளில் இரண்டு முறை சுடுவான், அதுவும் குளிர்ந்த குழலில். குழல் சூடேறினாலோ கட்டை ஈரம் இழுத்தாலோ அந்தப் புடைப்பின் அழுத்தம் மாறும் என்பதை லீ-என்ஃபீல்டு காட்டிவிட்டது. மேலும் ஏஆர் வகையில் தகட்டு மூடி தருவது அளந்துவைத்த அழுத்தம் இல்லை. கை எப்படிப் பிடிக்கிறதோ அப்படி மாறும் அழுத்தம். அதிர்வை அடக்கும் வாதம் அதற்குப் பொருந்தாது.

மூன்றாவது எதிர்வாதம் நடைமுறை சார்ந்தது, அதோடு எனக்கும் பெரும்பாலும் உடன்பாடுதான். சாதாரண ஹேண்ட்கார்டோடு எம்16-உம் எம்4-உம் அரை நூற்றாண்டுக்கு மேல் போரிட்டிருக்கின்றன. 100 மீட்டருக்குள் மனித உயர இலக்கைச் சுடுபவருக்கு இரண்டு எம்ஓஏ விலகல் என்பது ஆறு சென்டிமீட்டர். அவருக்கு அது பொருட்டே இல்லை. வாரை இறுக்கிச் சுடாதவர், பைபாட் மாட்டாதவர், ஹேண்ட்கார்டில் ஒரு டார்ச் விளக்கைத் தவிர வேறெதுவும் பொருத்தாதவர், பிளாஸ்டிக் ஹேண்ட்கார்டை வைத்துக்கொண்டு மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்கிப் பயிற்சி செய்தால் அதிகப் பலன் கிடைக்கும். இதைச் சொன்னால் கடைக்காரர் முகம் சுளிப்பார்.

மாற்றியே ஆகவேண்டும் என்று முடிவு செய்தவருக்கு எதைப் பார்த்து வாங்குவது என்பது அடுத்த கேள்வி. சந்தை முன்வைப்பவை நீளம், எடை, உலோகம், நிறம். நான் முதலில் பார்க்கச் சொல்வது விறைப்பை. குழலைத் தொடாமல் நிற்கவேண்டிய உறை தானே வளைந்து குழலைத் தொட்டுவிட்டால் பணம் வீண். இங்கே ஒரு விளம்பர வித்தையைக் கவனிக்கவேண்டும். 6061 அலுமினியத்துக்குப் பதில் 7075 அலுமினியம் என்று பெருமையாகப் போடுவார்கள். 7075 உடைவதற்குக் கூடுதல் விசை வேண்டும் என்பது சரி. ஆனால் வளைவை எதிர்க்கும் மீள்தன்மைக் கெழு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே, சுமார் 70 கிகாபாஸ்கல். உடையாத உறை வேறு, வளையாத உறை வேறு. வளைவைத் தீர்மானிப்பது வடிவம்தான்: மெல்லிய குழாயின் விறைப்பு அதன் ஆரத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும், நுனியில் வரும் வளைவோ நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். எனவே 10 அங்குலத்துக்குப் பதில் அதே குறுக்குவெட்டில் 15 அங்குல ரெயில் வாங்கினால், அதே கை அழுத்தத்துக்கு நுனி மூன்று மடங்குக்கும் மேல் வளையும். மெலிந்து, நீண்டு, எடை குறைந்த ரெயில் என்ற இன்றைய ரசனை இந்தக் கணக்கோடு நேரடியாக மோதுகிறது. கார்பன் ஃபைபர் குழாய்கள் எடை குறைந்தவை, சூட்டைக் கைக்கு அவ்வளவாகக் கடத்தாதவை. ஆனால் இழைகளை எந்தத் திசையில் அடுக்கினார்கள் என்பதைப் பொறுத்து அவற்றின் விறைப்பு நிறைய மாறும், வெளியிலிருந்து பார்த்து அதைச் சொல்லமுடியாது.

ரெயிலின் முன்பகுதியில் லேசர் குறிகாட்டியோ மடக்கு முன்குறியோ மாட்டுபவருக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அவருக்கு ஃப்ரீ ஃப்ளோட் ஒரு சிக்கலைத் தீர்த்து இன்னொன்றைக் கொண்டுவருகிறது. பழைய அமைப்பில் முன்குறித் தூண் குழலிலேயே இருந்தது. குழல் வளைந்தால் குறியும் ஓரளவு கூடவே வளையும். ஃப்ரீ ஃப்ளோட்டில் குழல் அசையாமல் நிற்கிறது, லேசரோ ரெயிலோடு சேர்ந்து அசைகிறது. 300 மி.மீ. ரெயிலின் நுனி ஒரு மில்லிமீட்டர் கீழிறங்கினால், நேர்கோட்டுச் சாய்வாக எடுத்துக்கொண்டாலே 100 மீட்டரில் லேசர்ப் புள்ளி 33 சென்டிமீட்டர் விலகிக் காட்டும். உண்மையில் சாய்வு நுனியில்தான் அதிகம் என்பதால் அதைவிடவும் கூடும். தோட்டா முன்பு போன இடத்துக்கே போகும். பொய் சொல்வது புள்ளி.

ரெயிலில் பொருள்களை மாட்டும் துளைகளைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியதில்லை, ஏனென்றால் அந்த வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. 1995-இல் மில்-ஸ்டாண்டர்டு-1913 என்று தரப்படுத்தப்பட்ட பிக்காட்டினி ரெயில் உறுதியானது, ஆனால் நான்கு பக்கமும் பல்பல்லாக இருந்தால் எடை கூடும், கையை அறுக்கும். அதற்கு மாற்றாக 2012-இல் கீமாட், 2014-இல் மேக்புல் நிறுவனத்தின் எம்-லாக் வந்தன. அமெரிக்கக் கடற்படையின் கிரேன் ஆய்வகம் சிறப்புப் படைத் தலைமையகத்துக்காக இவற்றைச் சோதித்த முடிவுகள் 2017-இல் வெளியாயின. ஒரு பொருளைக் கழற்றி மறுபடி மாட்டினால் குறி எவ்வளவு நகர்கிறது என்று பார்த்ததில் எம்-லாக்கில் சராசரி நகர்வு 1.3 எம்ஓஏ, சில மாற்று முறைகளில் அதைப்போல் நான்கு மடங்கு வரை. பிய்த்தெடுக்கத் தேவையான விசையிலும் எம்-லாக் முன்னால் நின்றது. சிறப்புப் படைகள் அதையே எடுத்துக்கொண்டன. கீமாடுக்கு இன்னும் அபிமானிகள் உண்டு. புதிதாக வாங்குபவர் அவர்களோடு வாதாட வேண்டியதில்லை.

உண்மையில் தேர்வு முடிவாவது ரெயிலும் பேரல் நட்டும் சேரும் இணைப்பில். ஏஆர் வகையில் குழலை ரிசீவரோடு பிணைப்பது ஒரே ஒரு நட்டு. ஃப்ரீ ஃப்ளோட் ரெயில்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த நட்டோடு வரும். ரெயில் அந்த நட்டின் மேல் ஏறி, போல்ட்டுகளால் இறுக்கிப் பிடிக்கும். ரெயில் நட்டின் மேல் எத்தனை மில்லிமீட்டர் ஏறி உட்காருகிறது, பிடிப்பது வெறும் உராய்வா, அல்லது போல்ட்டின் தண்டே நட்டில் வெட்டிய பள்ளத்தில் குறுக்காகப் போய்ப் பூட்டுகிறதா, ரெயில் சுழலாமல் தடுக்க ரிசீவரை அணைத்துப் பிடிக்கும் காதுகள் இருக்கின்றனவா என்ற மூன்றையும் பார்க்கவேண்டும். உராய்வை மட்டும் நம்பும் ரெயில், துப்பாக்கி ஒருமுறை கீழே விழுந்தால் முன்னால் நழுவவோ அரைப் பாகை சுழலவோ இடமுண்டு. சுழன்றால் மேல்ரெயிலில் உள்ள முன்குறி சாயும். பத்து மி.மீ. ஏறி உட்காரும் இணைப்பைவிட நாற்பது மி.மீ. ஏறும் இணைப்பு ஆடாமல் நிற்கும். இதற்கு ஆய்வகம் தேவையில்லை.

நீளத்தைப் பொறுத்தவரை ஒரு விஷயம் மட்டும். சுடும்போது குழலிலிருந்து வாயுவை எடுக்கும் கேஸ் பிளாக்கை ரெயில் தாண்டிப் போகும் என்றால் பழைய முக்கோண முன்குறித் தூணை எடுத்துவிட்டு உயரம் குறைந்த கேஸ் பிளாக் போடவேண்டும். தூணை எடுப்பது சாதாரண வேலை இல்லை. அதைக் குழலோடு பிடிப்பவை கூம்பு ஆணிகள்; ஒரு முனை மெலிந்தது. மெலிந்த முனையிலிருந்து தட்டினால் வெளியே வரும், மறுபக்கம் தட்டினால் இன்னும் இறுகி, முனை மழுங்கி, துளையிட்டு எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். தூணை அப்படியே விட்டுவிட்டு அதன் பின்னோடு நிற்கும் குட்டையான ஃப்ரீ ஃப்ளோட் ரெயில்களும் உண்டு. பலருக்கு அதுவே போதும். ஆனாலும் வார்க் கொக்கியைத் தூணிலிருந்து ரெயிலுக்கு மாற்றாவிட்டால் செலவு செய்த காரணமே அடிபட்டுப்போகும். இந்தத் தவறு வியப்பூட்டும் அளவுக்குச் சாதாரணம்.

பொருத்தும் வேலைக்கு வருவோம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று அறையைத் திறந்து கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, மேல்பகுதியைக் கீழ்ப்பகுதியிலிருந்து பிரித்த பிறகே தொடங்கவேண்டும். மேல் ரிசீவர் அலுமினியம். அதை வெறுமனே வைஸில் கடிக்கவிட்டால் நசுங்கும். அதற்கென்று உள்ள பிளாக்கையோ, குழலின் பின்முனைப் பற்களில் கோத்து நிற்கும் தண்டையோ பயன்படுத்துவார்கள். குழலின் பின்பகுதியில் ஒரு சிறு முளை உண்டு. அது ரிசீவரில் வெட்டிய காடியில் உட்கார்ந்து குழலை நேராக நிறுத்துகிறது. நட்டை முறுக்கும்போது எழும் திருகு அந்த முளையிலும் காடியிலும் விழுவதால், கண்மூடித்தனமாக முறுக்கினால் காடி அகன்று, பிறகு முன்குறி என்றைக்கும் நேராக நிற்காது.

பழைய ராணுவக் கையேடுகள் நட்டுக்குச் சொல்லும் முறுக்கு 30 முதல் 80 அடி-பவுண்டு வரை. இவ்வளவு அகன்ற எல்லைக்குக் காரணம் கேஸ் டியூப், அதாவது கேஸ் பிளாக்கிலிருந்து வாயுவைப் பின்னால் கொண்டுவரும் மெல்லிய குழாய். அது நட்டின் பல் ஒன்றின் இடைவெளி வழியாக ரிசீவருக்குள் போகவேண்டும். 30-ஐத் தொட்ட பிறகு அடுத்த இடைவெளி நேராக வரும்வரை முறுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். பல ஃப்ரீ ஃப்ளோட் நட்டுகளில் இந்தத் தொல்லை இல்லை. டியூப் நட்டைத் தொடாமலே மேலே போகும்படியோ, மெல்லிய ஷிம் வளையங்கள் போட்டுச் சரிசெய்யும்படியோ செய்திருப்பார்கள். அங்கே தயாரிப்பாளர் கொடுத்த எண்ணே விதி. மரையில் மாலிப்டினம் டைசல்ஃபைடு கிரீஸ் தடவவேண்டும். கிராஃபைட் கலந்த கிரீஸ் கூடாது, அது அலுமினியத்தை அரிக்கும். கிரீஸ் தடவி, 30 வரை முறுக்கித் தளர்த்தி, மறுபடி முறுக்கித் தளர்த்தி, அதன் பிறகே கடைசியாக இறுக்குவது பழைய ஆயுதப் பட்டறை வழக்கம். புது மரையின் கரடு இப்படி அமுங்கும். இல்லாவிட்டால் டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணில் ஒரு பங்கு மரையின் உராய்வுக்கே போய்விடும். ரெஞ்சின் முனையில் நட்டுக்கான ஸ்பேனரை நேர்கோட்டில் நீட்டி மாட்டினால் நெம்புகோல் நீளம் கூடி, காட்டுவதைவிட அதிகம் முறுகும். 40 செ.மீ. ரெஞ்சில் 5 செ.மீ. நீட்டினால், 40 அடி-பவுண்டு வேண்டுமென்றால் ரெஞ்சை ஏறக்குறைய 35.6-இல் வைக்கவேண்டும். ஸ்பேனரைச் செங்கோணத்தில் மாட்டினால் இந்தக் கணக்கே வேண்டாம்.

கேஸ் டியூப் இந்த வேலையில் அதிகம் தொந்தரவு தரும் உறுப்பு. சுடச்சுட அது சூடேறி நீளும். ரெயிலையோ நட்டையோ தொட்டுக்கொண்டிருந்தால், குழலைத் தொடாத ரெயில் என்று வாங்கியது டியூப் வழியாகக் குழலோடு பேசிக்கொண்டிருக்கும். சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் உள்ளுறுப்பான போல்ட் கேரியரை உள்ளே விட்டுக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினால், கடைசி அங்குலத்தில் டியூப் கேரியரின் மூக்குக்குள் உராயாமல் நுழைய வேண்டும். உராய்ந்தால் டியூப் ஒரு பக்கம் இழுபட்டிருக்கிறது. ரெயிலை ஏற்றி மேல்வரிசை ரிசீவரின் மேல்வரிசையோடு ஒரே கோட்டில் வருகிறதா என்று நேர்முனைக் கம்பியை வைத்துப் பார்த்து, போல்ட்டுகளைக் குறுக்கு மாற்றி மாற்றிச் சிறுகச் சிறுக இறுக்கவேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் ரெயில் சாய்ந்தே பிடிக்கும்.

எல்லாத் துப்பாக்கிக்கும் இந்த வாதம் பொருந்தாது என்பதையும் சொல்லியாகவேண்டும். ஏகே குடும்பத்தில் ஹேண்ட்கார்டின் முன்முனையைப் பிடிக்கும் வளையமும், கேஸ் பிளாக்கும், குறித்தூண்களும் குழலிலேயே இருக்கின்றன; ரிசீவரோ மடக்கிய தகடு. திருச்சிராப்பள்ளி ஆர்டினன்ஸ் தொழிற்சாலை தயாரித்த டிஏஆர் ரைஃபிளும் இந்த மரபுதான். அங்கே பின்முனையில் மட்டும் பிடித்து நிற்கும் ரெயிலுக்கு நம்பகமான நங்கூரம் கிடைப்பதே கடினம். ரிசீவரை அணைத்துப் பிடிக்கும் நீண்ட ரெயில்கள் விற்கின்றன, ஆனால் அந்த விலைக்கும் எடைக்கும் கிடைக்கும் பலன் ஏஆர் வகை அளவுக்கு இல்லை. இந்திய ராணுவம் 2019-இல் வாங்க ஒப்பந்தம் போட்ட சிக்716 ரைஃபிள்களோ தொழிற்சாலையிலிருந்தே ஃப்ரீ ஃப்ளோட்டாக வருபவை. இந்தியாவில் இவ்வகைத் துப்பாக்கி தனிநபர் உரிமத்துக்கு எளிதில் கிட்டாது என்பதால், இக்கேள்வி நம் ஊரில் ராணுவம், காவல்துறை, விளையாட்டுச் சங்கங்கள் அளவிலேயே எழும்.

பொருத்தி முடித்த பிறகு, குழலுக்கும் ரெயிலுக்கும் இடையே ஒரு தாள் நறுக்கை விட்டுப் பின்கோடி வரை இழுத்துப் பார்ப்பார்கள். அது தேவைதான், ஆனால் சும்மா கிடக்கும் துப்பாக்கியில் தாள் போவது எதையும் நிறுவாது. பைபாடை மாட்டி, சுடும்போது தள்ளுவது போல முன்னோக்கித் தள்ளியபடி தாளை இழுக்கவேண்டும். லேசர் மாட்டுபவர் ரிசீவரை அசையாமல் பிடித்து வைத்து, பத்து மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் புள்ளியைக் குறித்துவிட்டு, ரெயில் நுனியை வாரின் இழுப்பு அளவுக்குக் கையால் கீழே அழுத்தலாம். புள்ளி சுவரில் மூன்று மி.மீ. நகர்ந்தால் ஏறக்குறைய ஒரு எம்ஓஏ. பத்து மி.மீ. நகர்ந்தால் முதலில் போல்ட்டுகளைத் திரும்பப் பார்க்கவேண்டும். அவை சரியென்றால் ரெயிலையே திருப்பிக் கொடுக்கவேண்டும். நட்டும் போல்ட்டும் சரியாக உட்கார்ந்தனவா என்று அறிய அவற்றின் மேல் பெயிண்ட் கோடு போட்டுவைத்து, முதல் சில நூறு தோட்டாக்களுக்குப் பின் கோடு உடைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஜீரோவையும் அதன் பிறகுதான் இறுதியாகப் பதிவு செய்யவேண்டும், மேசையில் ஒரு முறை, வாரை இறுக்கிப் படுத்து ஒரு முறை. இரண்டு வட்டங்களின் மையமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது.